சம்பளச் சீட்டும் மன்றத்தின் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சம்பளம், மதிப்பீட்டு வரி (மன்றத்துக்குக் கட்டும் வீட்டு வரி), மன்றச் செலவு ஆகியவை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த மாதம் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் மாநகர் மன்றம், பெண்களுக்குச் சம்பள பாக்கி கொடுத்தே திவாலாகிவிட்டது என்று வாட்சாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஒரு மன்றம் திவாலாக முடியுமா? ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைத்துக் கொடுக்க அந்த நாட்டுச் சட்டம் எப்படி விட்டது?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

சட்டம் விடவில்லை. அங்கே சம ஊதியச் சட்டம் 1970-இல் நிறைவேறி, 1975 டிசம்பர் 29 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. இன்று அது 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்குள் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், பர்மிங்ஹாம் ஊழியர்களின் அடிப்படைச் சம்பளத்தில் பெரிய கோளாறு கிடையாது. கோளாறு எல்லாம் அதன்மேல் ஏற்றப்பட்ட தொகையில்தான்.

பள்ளிச் சமையல்காரர், துப்புரவாளர், முதியோரைப் பராமரிப்பவர் ஆகிய வேலைகளில் பெரும்பாலும் பெண்கள் இருந்தார்கள். குப்பை லாரி, சாலை பெருக்குதல், கல்லறை தோண்டுதல் ஆகியவற்றில் பெரும்பாலும் ஆண்கள். மன்றமே இந்த வேலைகளை மதிப்பிட்டு ஒரே கிரேடில் வைத்திருந்தது. ஆனால் ஆண்களின் வேலைகளுக்கு மட்டும் ‘உற்பத்தித் திறன் போனஸ்’ என்று ஒன்று உண்டு. கூடுதலாக உழைத்தால் கூடுதல் பணம் என்ற கணக்கில் வந்த இந்த போனஸ், போகப் போக வேலையை யாரும் அளந்து பார்க்காமலே மாதாமாதம் விழும் தொகையாகிவிட்டது. சிலருக்கு அது அடிப்படைச் சம்பளத்தின் 160 விழுக்காடு வரை போனதாக 2010-இல் நடந்த தொழில் தீர்ப்பாய வழக்கில் வெளிவந்தது. அதே கிரேடில் இருந்த சமையல்காரருக்கு ஒரு காசு இல்லை. பால் பேதம் அல்லாத நியாயமான காரணம் ஒன்றை முதலாளி காட்ட முடிந்தால் அந்தச் சட்டம் வித்தியாசத்தை ஏற்கும். யாரும் அளக்காத போனஸுக்கு அப்படி ஒரு காரணத்தை எங்கே போய்த் தேடுவது?

தொகை மலைபோல் ஏறியதற்குக் காலக்கெடுதான் காரணம். தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் வேலையை விட்ட 6 மாதத்துக்குள் போக வேண்டும். வேலையை விட்டுப் பல காலமான 174 பேர், கெடு தாண்டிய பிறகு சாதாரண சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அங்கே கெடு 6 ஆண்டு. இது செல்லும் என்று 2012 அக்டோபர் 24-இல் ஐக்கிய ராஜ்ய உச்ச நீதிமன்றம், மூவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இதன் கனத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 4,000 பவுண்டு வித்தியாசம், 6 ஆண்டு, 5,000 பேர். 120 மில்லியன் பவுண்டு வருகிறது. வட்டியும் வழக்குச் செலவும் தனி.

2012-க்குப் பிறகு அந்த மன்றம் இதற்காகக் கொடுத்தது சுமார் 1.1 பில்லியன் பவுண்டு. அதற்குப் பணம் புரட்ட, தேசியக் கண்காட்சி மையத்தை 2015-இல் 307 மில்லியனுக்கு விற்றது. 2023 ஜூனில், இன்னும் 650 முதல் 760 மில்லியன் வரை கொடுக்க வேண்டிவரலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 5-இல், 1988 உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆவது பிரிவின்படி அறிக்கை வெளியிட்டது.

வாட்சாப் செய்தி இந்த 114-ஐத்தான் ‘திவால்’ என்கிறது. கம்பெனியை இழுத்து மூடுவதுபோல் மன்றத்தை மூட முடியாது. வரவுக்குள் செலவு அடங்காது என்று தலைமை நிதி அதிகாரி எழுத்தில் சொல்வதுதான் அந்த அறிக்கை. அது வெளியானதும் புதிய செலவு நிற்கும். சட்டப்படி செய்தே ஆக வேண்டிய சேவைகள் மட்டும் தொடரும். 21 நாளுக்குள் முழு மன்றமும் கூடி விவாதிக்க வேண்டும். பர்மிங்ஹாமுக்கு அரசாங்கம் ஆணையர்களை அனுப்பியது. 2024 ஏப்ரலில் வீட்டு வரி 9.99 விழுக்காடு ஏறியது. நூலகத்திலிருந்து இளைஞர் சேவைவரை வெட்டு விழுந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்கு நியாயமாகாது. அதே காலத்தில் மன்றம் ஆரக்கிள் கணக்கு மென்பொருளுக்கு மாறியது. 19 மில்லியன் பவுண்டு என்று தொடங்கிய வேலை 100 மில்லியன் வரை போகும் என்றானது. 2022 ஏப்ரலில் இயக்கத்துக்கு வந்த பிறகு, தன் கணக்கையே மன்றத்தால் சரியாகப் பார்க்க முடியவில்லை. 760 மில்லியன் என்ற தொகையும் மிகை மதிப்பீடு என்ற கேள்வி பின்னர் பலமாக எழுந்தது. 2024 அக்டோபரில் தொழிற்சங்கங்களோடு ஏற்பட்ட உடன்பாடு சுமார் 6,000 பேருக்கானது. ஆகவே அந்தச் செய்தியில் பாதி உண்மை. பெண்கள் கேட்டது சட்டம் தந்த பணத்தை. அதைப் பல ஆண்டு கொடுக்காமல் குவியவிட்டது மன்றம்.

கிளாஸ்கோவிலும் இதே கதைதான். 2018 அக்டோபரில் சுமார் 8,000 பெண்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகே, 2019 ஜனவரியில் ஏறத்தாழ 500 மில்லியன் பவுண்டுக்கு உடன்பாடு வந்தது. பணத்துக்காக நகரத்தின் அரங்குகளை விற்று, அவற்றையே திரும்ப வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

என் அம்மா ஒரு குத்தகை நிறுவனத்தில் சாலை பெருக்குகிறார். ஒரே சாலை, ஒரே நேரம், ஒரே வேலை. கூட வேலை செய்யும் ஆண்களுக்கு மட்டும் மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்) ‘வெளிவேலை அலவன்ஸ்’ கிடைக்கிறது. கேட்டால், “அது ஆம்பளைங்களுக்கு, கனமான வேலைக்கு” என்கிறார் சூப்பர்வைசர். மன்றத்தின் மீது வழக்குப் போடலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

வழக்கு யார்மீது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பெருக்குவது மன்றத்தின் சாலையாக இருக்கலாம். சம்பளம் கொடுப்பவர்தான் முதலாளி. லாரியில் ஒரு பெயர், சட்டையில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் என்று இருப்பது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம், ஏனென்றால் குத்தகைக்குள் உள்குத்தகை இருக்கும். அம்மாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையைத் திறந்து பாருங்கள். சந்தா செலுத்துபவர் என்று அதில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ, புகார் அதன்மேல்தான்.

நம் நாட்டில் பிரிட்டனில் இருப்பதுபோல் தனியான சம ஊதியச் சட்டம் இல்லை. ஆனால் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் 69எஃப் என்று ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது. வேலையில் பாகுபாடு பற்றி ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையே தகராறு வந்தால், தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் அதை விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். அதன் பிறகும் இழுத்தடித்தால் நாளுக்கு 1,000 ரிங்கிட் வரை. பாகுபாடு என்றால் எது எது என்று சட்டம் பட்டியல் போடவில்லை. அது பலமாகவும் அமையலாம், பலவீனமாகவும் அமையலாம். அதனால் உங்கள் ஆதாரம்தான் பேச வேண்டும்.

அம்மா பெருக்குபவர், ஒப்பிடப்படும் ஆணும் பெருக்குபவர் என்றால் உங்கள் பக்கம் பலம். அந்த ஆண் லாரியில் ஏறித் தொட்டி தூக்குபவர் என்றால் வழக்கு மெலிந்துவிடும். இரண்டும் வெவ்வேறு வேலை, ஆனால் மதிப்பு ஒன்று என்று வாதாடும் வழி பிரிட்டிஷ் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நம் வேலைவாய்ப்புச் சட்டத்தில் அப்படி எழுதப்படவில்லை. ஆகவே ஒப்பிடும் ஆளை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

சூப்பர்வைசர் ‘கனமான வேலை’ என்கிறாரே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு பள்ளி நோட்டில் தினமும் எழுதச் சொல்லுங்கள்: தேதி, சாலையின் பெயர், தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பை நிரம்பியது, ஒவ்வொரு பையையும் யார் தூக்கினார்கள், மரக்கிளை விழுந்தால் யார் இழுத்துப் போட்டார்கள், மழையில் யார் நின்றார்கள். இரண்டு வரி போதும். அன்றன்று எழுதியதாக இருக்க வேண்டும். மொத்தமாக ஒரே நாளில், ஒரே பேனாவில் எழுதிய நோட்டை விசாரணை அதிகாரி பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார்.

அடுத்து, இழப்பைக் கணக்குப் போடுங்கள். 200-ஐ 12-ஆல் பெருக்கி 2,400 என்று நிறுத்திவிடுவார்கள் பலர். இந்த அலவன்ஸ் போக்குவரத்துக்கானதாக இல்லாவிட்டால், சட்டப்படி சம்பளத்தில் சேரும். அப்படியானால் முதலாளி கட்ட வேண்டிய 13 விழுக்காடு இபிஎஃப்பில் ஆண்டுக்கு 312 ரிங்கிட்டும் போகிறது. ஓவர்டைமும் குறைகிறது. மாதம் 1,700 என்றால் 26-ஆல் வகுத்து, 8-ஆல் வகுத்து, ஒன்றரையால் பெருக்க, ஒரு மணி நேர ஓவர்டைம் 12.26. அதுவே 1,900 என்றால் 13.70. மணிக்கு 1.44 ரிங்கிட் போகிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு இணைத்தால் உங்கள் புகாருக்குத் தனி மரியாதை.

பிறகு கடிதம். வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. “நானும் இன்னாரும் ஒரே வேலை செய்கிறோம். அவருக்கு இந்தத் தேதியிலிருந்து இந்த அலவன்ஸ் கிடைக்கிறது, எனக்கு இல்லை. காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும். 14 நாளுக்குள் பதில் வேண்டும்.” இவ்வளவுதான். மலாயில் எழுதுவது நல்லது. கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலும், மழுப்பலாக வந்தாலும், தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். கட்டணம் இல்லை. அடையாள அட்டை நகல், நியமனக் கடிதம், ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, அந்த நோட்டு, கடிதத்தின் நகல் எல்லாம் கையோடு இருக்கட்டும். சக ஊழியரின் சம்பளச் சீட்டு கிடைத்தால் நல்லது. ஆனால் அவர் சம்மதத்தோடு. அலுவலக மேசையிலிருந்து எடுத்து வந்தால் அம்மாவின் வேலைக்கே உலை வைக்க அது போதும்.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதலாவது, ‘சரி, யாருக்குமே அலவன்ஸ் இல்லை’ என்று நிறுவனம் எல்லாருக்கும் வெட்டப் பார்க்கும். ஆண் ஊழியர்களின் கோபம் அப்போது அம்மாவின்மேல் திரும்பும். எனவே கடிதத்தில் அவர்களுடைய சம்பளத்தைக் குறைக்கக் கேட்கவில்லை என்று ஒரு வரி சேருங்கள், அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நியமனக் கடிதத்தில் உள்ள அலவன்ஸைத் தொழிலாளி சம்மதிக்காமல் இஷ்டத்துக்கு எடுத்துவிடவும் முடியாது. இரண்டாவது, ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். படிக்காமல் போட வேண்டாம். மூன்றாவதுதான் பெரிய பள்ளம்: குத்தகை முடிந்து புதிய நிறுவனம் வருவது. அதே ஆள், அதே சாலை, ஆனால் சேவைக்காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய நிறுவனம் பணிநீக்க இழப்பீடு கொடுத்ததா என்று பாருங்கள். 1980 விதிமுறைப்படி, இரண்டு ஆண்டுக்குக் கீழ் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும்.

மன்றத்தை அறவே விட்டுவிட வேண்டியதில்லை. குத்தகையாளர் சம்பளமே கொடுக்காமல் ஓடிவிட்டால், வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்படி வேலையைக் கொடுத்த தலைமை நிறுவனத்திடம் மூன்று மாதச் சம்பளம் வரை கேட்க வழியிருக்கிறது. சம்பளம் தர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு ‘வியாபாரம் அல்லது தொழில்’ நடத்துபவரைப் பற்றிப் பேசுகிறது. மன்றம் வியாபாரம் செய்யவில்லை என்ற வாதம் நிச்சயம் வரும். தலைமைக் குத்தகையாளரிடமிருந்து உள்குத்தகை எடுத்தவர் ஓடியிருந்தால் உங்கள் நிலை இன்னும் உறுதி.

நான் மன்றத்தின் நேரடி ஊழியர். எங்கள் கிரேடுச் சம்பளம் ஆண், பெண் இருவருக்கும் ஒன்றே. அப்படியானால் எங்களுக்குப் பிரச்சினையே இல்லைதானே?
– வாசகி, ஜார்ஜ்டவுன்

அடிப்படைச் சம்பளத்தில் இல்லை. அரசுப் பணியில் பெண்களுக்குச் சம சம்பளம் என்பது 1969-லிருந்து இருக்கிறது. சம ஊதியம் பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 100-ஆவது உடன்படிக்கையை மலேசியா 1997-இல் ஏற்றது. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் எஸ்எஸ்பிஏ என்ற அரசு ஊழியர் சம்பள முறையும் கிரேடைத்தான் பார்க்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. உங்கள் பிரிவில் கடந்த ஓராண்டில் ஓவர்டைம் யாருக்குப் போயிற்று? மேலதிகாரி விடுப்பில் போனால் பதில் கடமை பார்க்க யாரைப் போடுகிறார்கள், அதற்கான அலவன்ஸ் யாருக்கு? பெண்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியராகவும் ஆண்கள் நிரந்தரமாகவும் இருக்கிறார்களா? பர்மிங்ஹாமில் பணம் பிரிந்தது இந்த மாதிரி இடத்தில்தான்.

உங்களுக்கு வேலைவாய்ப்புச் சட்டத்தைவிட அரசமைப்புச் சட்டத்தின், பாகுபாட்டைத் தடுக்கும் 8(2) பலமானது. 2001-இல் அதில் ‘பால்’ என்ற சொல் சேர்க்கப்பட்டது. அது பொது அதிகாரத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தும். கர்ப்பமாக இருந்த தற்காலிக ஆசிரியையின் நியமனத்தை ரத்துச் செய்தது செல்லாது என்று ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்ததும் அதன் கீழ்தான். நீதிமன்ற மறுஆய்வுக்குப் போவதென்றால் முடிவு கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். சங்கம், மேல்முறையீட்டுக் கடிதம் என்று நடந்துகொண்டிருக்கும்போதே அந்த மூன்று மாதம் ஓடிவிடும். வக்கீலை முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மதிப்பீட்டு வரிக்குப் புதிய நோட்டீஸ் வந்திருக்கிறது. தொகை எக்கச்சக்கம். சாலையெல்லாம் குழி, சாக்கடை அடைப்பு. இதைக் காட்டி ஆட்சேபம் செய்தால் குறைப்பார்களா?
– வாசகர், பத்து கேவ்ஸ் சாலை, கோலாலம்பூர்

குறைக்க மாட்டார்கள். குழிக்குத் தனிப் புகார், வரிக்குத் தனி ஆட்சேபம். 1976 உள்ளாட்சிச் சட்டத்தின் 142-ஆவது பிரிவு ஏற்கும் காரணங்கள் சில மட்டுமே. உங்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்றுதான்: சொத்தின் மதிப்பை அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்பது.

மதிப்பு என்றால் வீட்டின் விலை அல்ல, ஓராண்டு வாடகை மதிப்பு. மாதம் 1,500 வாடகைக்குப் போகும் வீடு என்றால் ஆண்டு மதிப்பு 18,000. விகிதம் 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 720, அரையாண்டுக்கு 360. நோட்டீஸில் 24,000 என்று போட்டிருந்தால், அவர்கள் உங்கள் வீட்டை மாதம் 2,000-க்குப் போகும் என்று நினைக்கிறார்கள். அதே வரிசையில், அதே அளவு வீடுகளின் வாடகை ஒப்பந்த நகல் இரண்டு மூன்றைத் தேடிப் பிடியுங்கள். முத்திரை வரி கட்டிய ஒப்பந்தமாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் போட்ட வாடகையைக் காட்டினால் எடுபடாது. மூலை வீடா, நடு வீடா, பின்னால் கூரை போட்டு நீட்டியிருக்கிறதா என்று படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நீட்டாத வீட்டை நீட்டியதாக எழுதியிருப்பதும் உண்டு.

ஆட்சேபம் எழுத்தில், விசாரணைத் தேதிக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும். அங்கே தோற்றால் உயர் நீதிமன்றம். இதற்கிடையில் வரியை நிறுத்தி வைக்காதீர்கள். பிப்ரவரி இறுதியும் ஆகஸ்ட் இறுதியும் கெடு. தாண்டினால், பாக்கியைக் கட்டச் சொல்லும் இ படிவ நோட்டீஸ் வரும், அடுத்து ஜப்தி வாரண்ட்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மதிப்புப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கோலாலம்பூரில் 1992-க்குப் பிறகு 2013-இல்தான் புது நோட்டீஸ் வந்தது. ஊரே கொதித்தது. சிறுகச் சிறுக ஏறியிருக்க வேண்டியதை ஒரே மூச்சில் ஏற்றினால் வேறென்ன நடக்கும்?

பர்மிங்ஹாமிலாவது மக்கள் ஓட்டுப் போட்டு மன்றத்தை மாற்றலாம். இங்கே நியமன உறுப்பினர்கள்தான். கோலாலம்பூரில் அதுகூட இல்லை. நாங்கள் யாரிடம், எந்தக் காகிதத்தைக் கேட்பது?
– வாசகர்கள், பிரிக்ஃபீல்ட்ஸ், ஆயர் ஈத்தாம்

கேள்வியில் உள்ள வருத்தம் நியாயமானது. மலாயாவில் முதல் நகராண்மைத் தேர்தல் 1951-இல் நடந்ததே ஜார்ஜ்டவுனில்தான். 1957-இல் அது மாநகரானபோது முதல் மேயர் ஆனவர் டி. எஸ். ராமநாதன். 1965-இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் அதி. நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் பரிந்துரை. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976 சட்டம் கதவைச் சாத்தியது. பினாங்கு 2012-இல் மாநிலச் சட்டம் இயற்றித் திறக்கப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆனாலும் ஓட்டு இல்லாவிட்டால் காகிதமும் இல்லை என்று நினைக்க வேண்டாம். பினாங்கில் வழி சற்று அகலம். 1976 சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, வேறு விதமாகத் தீர்மானம் போட்டால் தவிர, முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது. செயற்குழுக் கூட்டங்கள் அப்படி அல்ல. முக்கியமான பேச்சு பெரும்பாலும் அங்கே முடிந்துவிடும் என்பது வேறு விஷயம். 2015 ஜனவரி 1 முதல் பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் நடப்பில் இருக்கிறது, மன்றங்களும் அதற்குள் அடக்கம். படிவம் உண்டு, கட்டணம் உண்டு, ரகசிய முத்திரை குத்திய கோப்பு கிடைக்காது. விண்ணப்பம் தோற்பது பெரும்பாலும் கேள்வி அகலமாக இருப்பதால்தான். ‘துப்புரவுச் செலவு விவரம் வேண்டும்’ என்று கேட்காதீர்கள். ‘இன்ன மண்டலத்துக்கு, இன்ன ஆண்டு கையெழுத்தான துப்புரவுக் குத்தகையில், தொழிலாளர் எண்ணிக்கையும் கட்டண அட்டவணையும் உள்ள பக்கங்கள்’ என்று கேளுங்கள். அதில் 20 பேர் என்றிருந்து, உங்கள் சாலைகளில் 12 பேர்தான் நடமாடுகிறார்கள் என்றால், அடுத்த கேள்வி தானாக வரும்.

கோலாலம்பூரில் மன்ற உறுப்பினர் யாரும் இல்லை. 1960 கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின் கீழ் மேயர் நியமிக்கப்படுகிறார், ஆலோசனை வாரியம் ஒன்று உண்டு. தகவல் சுதந்திரச் சட்டம் கிடையாது. அதனால் அங்கே தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரும்தான் முதல் கதவு. கணக்காய்வு அறிக்கை இணையத்தில் மலாயில் கிடைக்கும். மன்றத்தின் பெயரைத் தேடி, ‘சியோர்’ (பரிந்துரை) என்ற பகுதியைப் படித்து, அது நிறைவேறியதா என்று எழுத்துமூலக் கேள்வியாக எழுப்பச் சொல்லி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள். அரசாங்கப் பணம் குத்தகையாளர் கைக்குப் போன பிறகும் பின்தொடர்ந்து தணிக்கை செய்யும் வகையில் 2024-இல் தணிக்கைச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. குத்தகை பற்றிய கேள்விக்கு இனி ‘அது தனியார் கணக்கு’ என்ற பதில் அவ்வளவு எளிதாகச் செல்லாது.

பட்ஜெட் ஏட்டைப் புரட்டுபவர்களுக்கு ஒரு திறவுகோல். அரசுக் கணக்கில் செலவுக்கு எண் உண்டு. 10000 என்றால் ஊழியர் ஊதியம், 20000 சேவையும் பொருளும், 30000 சொத்து, 40000 மானியம், 50000 இதர செலவு. 10000-க்கு உள்ளே 11000 சம்பளம், 12000 நிலையான அலவன்ஸ், 14000 ஓவர்டைம். 11000-ஐப் பார்த்துவிட்டு எல்லாம் சமம் என்று மூடிவிடாதீர்கள். 12000-மும் 14000-மும் எந்த இலாகாவில் வீங்கியிருக்கின்றன என்று பாருங்கள். குத்தகையில் பெருக்கும் பெண்ணின் சம்பளமோ 10000-இல் எங்குமே இருக்காது. அது 20000-க்குள், வாங்கப்பட்ட சேவை என்ற பெயரில், வாடகைக்கு எடுத்த இயந்திரத்தோடு சேர்ந்து கிடக்கும். ‘எங்கள் ஊழியர்களில் சம்பளப் பேதம் இல்லை’ என்று ஒரு மன்றம் மனசாட்சியோடு சொல்ல முடிவது இதனால்தான்.

ஆயர் ஈத்தாம் வாசகர் கேட்ட ‘மக்களே பட்ஜெட் போடுவது’ பற்றி: 2012-இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் அந்த மாநிலத்தின் இரு மன்றங்களோடும் சேர்ந்து அதை ஜாலான் சுங்கை, அம்பாங்கான் மக்கள் வீடமைப்புப் பகுதிகளில் தொடங்கியது. ஆண், பெண், சிறுவர், முதியோர் என்று தனித்தனியாகத் தேவைகளைக் கேட்டு, எதற்கு முதலில் பணம் என்று குடியிருப்பாளர்களே வாக்களித்தார்கள். உங்கள் அடுக்குமாடிக்கும் வேண்டுமென்றால் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில், உங்கள் பகுதி மன்ற உறுப்பினர் வழியாகக் கேளுங்கள்.

குத்தகையில் ஆள் கணக்கு பொய்யாகக் காட்டப்படுகிறது என்பதற்கு என்னிடம் படங்கள் இருக்கின்றன. ஃபேஸ்புக்கில் போடலாமா?
– பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

போடாதீர்கள். 2010 தகவல் தருநர் பாதுகாப்புச் சட்டம் காப்பது அமலாக்க நிறுவனத்திடம் புகார் கொடுத்தவரைத்தான். ஃபேஸ்புக்கில் போட்டவரை அல்ல. ஊழல் தடுப்பு ஆணையத்திடம் போங்கள். படத்தின் அசல் கோப்பை வெட்டாமல், வடிகட்டி போடாமல் அப்படியே வையுங்கள், எடுத்த தேதியும் நேரமும் அதற்குள்தான் இருக்கும். பாதுகாப்புக் கேட்கிறேன் என்பதைப் புகாரிலேயே எழுதி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வீட்டில்கூட அதிகம் பேச வேண்டாம்.